மௌலவியும் மெளலவியும்: ஒரு பழைய பட்டியலைத் திறந்தபோது

சென்ற வருடம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னை மறித்தார். கையில் ஒரு போன். "சாச்சா, அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு பழைய சீடி கிடைச்சது. திறந்தா முழுக்க வைரஸ். எறிஞ்சிரட்டா?" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள். அவை எந்தச் சொல்லாகவும் இல்லை. நடுவில் அரைப்புள்ளிகள், காற்புள்ளிகள், சாய்கோடுகள். யார் பார்த்தாலும் கெட்டுப்போன கோப்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இலக்கங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. ஒன்பது இலக்கம், பின்னால் ஒரு வீ. அடுத்த வரியிலும் அப்படியே. அது தேசிய அடையாள அட்டை இலக்கம். இன்னும் கொஞ்சம் கீழே போனால், ஏறத்தாழ எல்லா வரியிலும் ஒரே எட்டு எழுத்து திரும்பத் திரும்ப வந்தது: ஈ, பி, வை, எச், என், டி, எஸ், பி.

அந்த எட்டையும் பார்த்ததும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. அது 'நிலாவெளி'. அந்தப் பட்டியலை 2005 இல் தட்டச்சு செய்தவனே நான்தான்.

2004 டிசம்பர் 26 எங்கள் கரையில் என்ன நடந்தது என்பதை இந்த இணையத்தளத்தின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. கடல் வந்து போன பிறகு மையவாடியில் யார் யாரை எப்போது அடக்கினோம், எந்தக் குடும்பத்தின் உறுதிகளும் அத்தாட்சிப் பத்திரங்களும் போயின என்று பள்ளிவாசலில் ஒரு கையெழுத்துப் பட்டியல் தயாரித்தார்கள். அப்போது சிறிய கொமினிகேஷன் ஒன்று நடத்திக்கொண்டிருந்த நான் அதைக் கம்பியூட்டரில் அடித்துக் கொடுத்தேன். அச்சுப் பிரதி இரண்டு எடுத்தோம். ஒன்று மழையில் நனைந்து கூழானது. மற்றது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியது அந்த சீடி. அதைத்தான் வைரஸ் என்று எறியப் போனார்கள்.

தம்பியில் பிழையில்லை. கோப்பு கெடவுமில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொண்டால், உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் கிடக்கும் பழைய சீடிகளைக் குப்பையில் போடுமுன் ஒருதரம் யோசிப்பீர்கள்.

கம்பியூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். அதுவும் பூச்சியமும் ஒன்றும் மட்டும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று மனிதர்கள் கூடி முடிவெடுத்து ஓர் அட்டவணை போட வேண்டும். அமெரிக்காவில் 1963 இல் வெளியான ஆஸ்கி என்ற அட்டவணை அப்படிப்பட்டது. அதில் 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ 65 ஆம் இடத்தில். சின்ன எழுத்து ஜே 106 இல். பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்கள் 48 முதல் 57 வரை. ஆங்கிலம் எழுத இது போதும். தமிழுக்கோ அரபுக்கோ சிங்களத்துக்கோ அதில் ஓரிடமும் இல்லை.

இடமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மற்றவரின் வீட்டில் குந்துவார்கள். நம் நாட்டில் பாமினி எழுத்துரு செய்தது அதைத்தான். அட்டவணையை அது தொடவில்லை. 106 ஆம் இடத்தில் ஜே என்றுதான் கம்பியூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த இடத்துக்கு வரைய வேண்டிய படமாக பாமினி 'த' வை வைத்திருந்தது. அதேபோல் கே என்ற இடத்தில் 'ம', பி யில் இகர விசிறி, ஓ வில் 'ழ', அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளி. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் 'தமிழ்' என்று வரும். உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான்.

உம்மா சீனி டின்னில் உப்பைப் போட்டு வைத்திருப்பார். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும், பிரச்சினை இல்லை. விருந்தாளி வந்து தேநீர் போட்டால்தான் கதை. பாமினி நிறுவப்பட்ட கம்பியூட்டர் வீட்டுக்காரர். தம்பியின் போன் விருந்தாளி. அதனிடம் பாமினி இல்லை; ஆகவே டின்னில் எழுதியிருந்ததை அப்படியே நம்பி ஆங்கில எழுத்தைக் காட்டியது.

இலக்கங்கள் மட்டும் ஏன் தப்பின? பாமினி 48 முதல் 57 வரை கை வைக்கவில்லை. நாம் தமிழில் எழுதினாலும் 1, 2, 3 என்றே எழுதுவதால் அந்த இடங்களை மாற்றத் தேவை இருக்கவில்லை. எந்த எழுத்துருவில் திறந்தாலும் அடையாள அட்டை இலக்கமும் திகதியின் எண்களும் தொலைபேசி இலக்கமும் அப்படியே நிற்கும். பழைய கோப்பொன்று குப்பைபோலத் தெரிந்தால் முதலில் இலக்கங்களைத் தேடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

பாமினியை இப்போது பழிப்பது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்கு ஒரு தட்டச்சுப் பொறி அமைத்துக் கொடுத்த காலத்திலிருந்து, தமிழை இயந்திரத்துக்குள் நுழைப்பது என்றால் இருக்கிற விசைக்குள் எப்படியாவது அடக்குவதுதான். பாமினி இல்லாவிட்டால் அந்த வருடங்களில் எங்கள் ஊரில் ஒரு கடிதம்கூட தமிழில் அச்சாகியிருக்காது. வினை என்னவென்றால், ஒவ்வொருவரும் தனித்தனி டின் வைத்திருந்தார்கள். இலங்கையில் பாமினி, தமிழ்நாட்டில் வேறு பல. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளைத் தெரிவு செய்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற இன்னொன்றை வைத்திருந்தார்கள். சென்னையில் அடித்ததைக் கொழும்பில் வாசிக்க முடியாது என்ற நிலை.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. உலகில் எல்லா மொழிக்கும் இருந்தது. அதற்கான மருந்துதான் யுனிகோட். அதன் முதல் பதிப்பு 1991 இல் வந்தது. எண்ணம் எளிமையானது: உலகின் எல்லா எழுத்துக்கும் ஒரேயொரு பெரிய அட்டவணை; ஒவ்வொரு எழுத்துக்கும் சொந்தமாக ஓர் எண்; யாரும் யார் வீட்டிலும் குந்த வேண்டியதில்லை. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கினார்கள். அரபுக்கு 1536 இல் ஆரம்பம். அலிஃப் 1575. தமிழ் 'க' 2965. சிங்களம் சற்றுப் பிந்தி, 1999 இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் உள்ளே வந்தது.

தமிழில் எழுத்து 247 அல்லவா, 128 இடம் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். 'மு' என்ற எழுத்துக்குத் தனி எண் கிடையாது. 'ம' வுக்கு 2990, உகரக் குறிக்கு 3009. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எழுத்துரு சேர்த்து 'மு' என்று வரையும். நமக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் 'நிலாவெளி' உள்ளே எட்டு எண்கள்: 2984, 3007, 2994, 3006, 2997, 3014, 2995, 3007. இந்த ஒழுங்கு இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு இஸ்கி தரத்திலிருந்து வந்தது. அது தேவநாகரியை மனதில் வைத்துப் போட்டது என்ற குறை தமிழ் அறிஞர்கள் பலருக்கு இன்றும் உண்டு. தமிழ்நாடு அரசு 2010 இல் யுனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்று உயிர்மெய் எல்லாவற்றுக்கும் தனி இடம் தரும் ஒரு முறையையும் அங்கீகரித்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்த் தரத்தை யுனிகோட் அடிப்படையில் வெளியிட்டது. பாமினியில் பழகிய விரல்கள் தடுமாறாமல் இருக்க, அதே ரெங்கநாதன் விசைப்பலகை ஒழுங்கையும் வைத்துக்கொண்டார்கள். விரல் பழக்கம் ஒன்றுதான், உள்ளே போகும் எண்தான் வேறு. இது பலருக்கு இன்னும் விளங்காததால் "நான் தமிழில்தானே அடித்தேன்" என்று பாமினிக் கோப்பை இன்றும் அனுப்புகிறார்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

தம்பிக்கு விசயத்தைச் சொன்னதும் அவர் போனிலேயே ஒரு மாற்றியைத் தேடி, பாமினியை யுனிகோடாக்கிக் கொண்டு வந்துவிட்டார். ஐந்து நிமிடம். "முடிஞ்சுது சாச்சா" என்றார். பார்த்தேன். முடியவில்லை.

முதலாவது, திகதிகள். பாமினியில் சாய்கோடு இருக்கும் விசையில் ஆய்த எழுத்து இருந்தது. மாற்றி அதை நேர்மையாக மாற்றிவிட்டது. ஆகவே 26/12/2004 என்பது 26ஃ12ஃ2004 ஆகிவிட்டது. இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்தித் தளங்களில் பாடசாலைப் பெயருக்கு முன்னால் 'திஃ', 'மட்ஃ', 'கிண்ஃ' என்று வருகிறதே, அதுவும் இதே வியாதிதான். 'தி/' என்று அடித்ததை யாரோ மாற்றியில் போட்டு, வாசிக்காமல் பிரசுரித்திருக்கிறார்கள். அந்தப் பாடசாலையின் பிள்ளைகள் தங்கள் பெயரே அப்படித்தான் என்று நினைத்து எழுதுவதையும் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, அடையாள அட்டை இலக்கம். பாமினியில் பெரிய வீ இருக்கும் இடம் 'ஏ'. எக்ஸ் இருக்கும் இடம் 'ஓ'. 2005 இல் நான் அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்திருந்தேன். அந்த எழுத்துரு மாற்றம் வேர்ட் கோப்பின் அலங்காரத்தில்தான் பதிவாகும். தம்பி எழுத்துகளை மட்டும் வெட்டி மாற்றியில் ஒட்டியபோது அலங்காரம் போய்விட்டது. எது ஆங்கிலம், எது ஆங்கில வேடம் போட்ட தமிழ் என்று மாற்றிக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே எல்லா மையித்துகளின் இலக்கமும் ஏ என்றே முடிந்தது. காற்புள்ளி போட்ட இடமெல்லாம் 'இ' ஆனதும் இதே காரணத்தால்.

மூன்றாவதுதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடாதது.

பட்டியலில் ஒரு நிரலின் தலைப்பு 'மௌத்தான திகதி'. மாற்றிய கோப்பில் அந்தத் தலைப்பைத் தேடினேன், இல்லை என்றது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கம்பியூட்டர் இல்லை என்கிறது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அங்கே இருந்தது 'மெளத்தான'. அதாவது ம, எகரக் கொம்பு, பின்னால் ள என்ற முழு எழுத்து. வாசித்தால் 'மெ-ள-த்-தான'. பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி விசை இல்லாததால் கொம்பு, ம, ள என்று மூன்றாகத்தான் அடிப்போம். கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். மாற்றி அந்த ள வை ள வாகவே எடுத்துக்கொண்டது. யுனிகோடில் 'மௌ' என்பது 2990, 3020 என்ற இரண்டு எண்கள். 'மெள' என்பது 2990, 3014, 2995 என்ற மூன்று எண்கள். கம்பியூட்டருக்கு இவை இரண்டும் உறவே இல்லாத இரண்டு சொற்கள்.

உங்கள் போனில் இப்போதே 'மௌலவி' என்று ஒருமுறையும், 'மெளலவி' என்று ஒருமுறையும் தேடிப் பாருங்கள். நம் தளங்கள் எத்தனையில் மௌலவிமார் ள வோடு நடமாடுகிறார்கள் என்று தெரியும். மௌலானா, மௌலித், பௌர்ணமி எல்லாம் இப்படித்தான். வாசிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. தேடுகிறவருக்குக் கிடைக்காது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் செயலி 'மெளலவி' என்றே உச்சரிக்கும்.

இதைவிட நுணுக்கமான ஒன்றும் உண்டு. 'தோப்பூர்' என்ற ஊரை எடுங்கள். பாமினியில் முன்னால் கொம்பு, நடுவில் த, பின்னால் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம். யுனிகோடில் எப்போதும் மெய் முதலில், குறி பிறகு. 'தோ' வின் குறிக்கு 3019 என்று ஒரே எண் உண்டு. அதை 3015, 3006 என்று கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யுனிகோட் விதி சொல்கிறது. ஆனால் அவசரமாக எழுதிய செயலிகள் எல்லாம் விதியைப் படிப்பதில்லை. எங்கள் பட்டியலில் தோப்பூரில் இருந்து உறவினர் வீட்டுக்கு வந்து நிலாவெளியில் மௌத்தான இருவர் இருந்தார்கள். தேடலில் ஒருவர்தான் வந்தார்.

பெயர்களின் கதை வேறு. அது எழுத்துருவின் பிழையல்ல, நம்முடையது. முஹம்மது, முகம்மது, முஹம்மத், முஹமட், மொஹமட். ரிஸ்வான், றிஸ்வான். பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா. அரபுப் பெயரைத் தமிழ் ஒலியில் எழுதும்போது ஒவ்வொரு பதிவாளரும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, நிக்காஹ் பதிவில் இன்னொன்று. பழைய காலத்தில் கந்தோரில் இருந்த மனிதர் பார்த்து "இவர்தானே அவர்" என்று தீர்த்துவிடுவார். இப்போது தீர்ப்பது எண். ஹ 3001, க 2965. ஓர் எண் வித்தியாசப்பட்டால் ஆள் வேறு. சத்தியக் கடதாசியோடு அலைகிற நம் ஆட்களில் பாதிப்பேர் இந்த எண்களுக்காகத்தான் அலைகிறார்கள்.

முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அரபுத் தமிழ் என்று தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். தமிழுக்கு மட்டும் உள்ள ஒலிகளுக்கு அரபு எழுத்தில் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்து உண்டாக்கினார்கள். 19 ஆம் நூற்றாண்டில் கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அதில் நூல்கள் எழுதினார்கள். ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி கூட்டி இன்னோர் ஒலியைத் தருவது என்பதும் குறியீடுதான். அந்த எழுத்தில் முஹம்மது என்ற பெயருக்கு ஐந்து வடிவம் வர வாய்ப்பே இல்லை.

அரபு என்றதும் இன்னொன்று. பாமினிக் காலத்தில் தமிழ்க் கோப்பின் நடுவில் அரபு வாசகம் வேண்டுமென்றால் படமாகத்தான் ஒட்டுவோம். இப்போது ஒரே வரியில் இரண்டும் வரும். ஆனால் அரபு வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம், அரபு வரிக்குள் வரும் இலக்கம் மறுபடி இடமிருந்து வலம். எதை எந்தப் பக்கம் ஓட விடுவது என்று தீர்மானிக்க யுனிகோடில் நீண்ட விதியொன்றே இருக்கிறது. அடைப்புக்குறிக்கும் முற்றுப்புள்ளிக்கும் சொந்தத் திசை கிடையாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் திரும்பும். நம் நோட்டிஸ்களில் முற்றுப்புள்ளி வரியின் முன்னால் போய் நிற்பது அதனால்தான். அரபு எழுத்துக்கு ஆரம்பம், நடு, கடைசி, தனி என்று நான்கு உருவம் இருந்தாலும் எண் ஒன்றே. உருவத்தை எழுத்துரு பார்த்துக்கொள்ளும்.

ஸலவாத் வாசகம் முழுவதையும் ஒரே சின்னமாகப் போட 65018 என்று ஓர் எண் இருக்கிறது. பிஸ்மி முழுவதற்கும் 65021. முதலாவதைப் பிரித்தால் பதினெட்டு எழுத்தாகும். யுனிகோடில் இவ்வளவு நீளமாக விரியும் எண் வேறில்லை. நாம் தமிழில் (ஸல்) என்று எழுதுவது ஐந்து எண்கள். எது சிறந்தது என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. இடம் என்று பார்த்தால் சின்னம்தான் சிக்கனம்.

இடத்தின் அருமை எஸ்.எம்.எஸ். காலத்தில் ஜனாஸா அறிவித்தல் அனுப்பியவர்களுக்குத் தெரியும். ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட். ஆங்கிலம் என்றால் எழுத்துக்கு ஏழு பிட் வீதம் 160 எழுத்து போகும். தமிழ் என்றால் எழுத்துக்குப் பதினாறு பிட், 70 இடம்தான். அதிலும் 'மு' என்பது இரண்டு இடம். 'இன்னாலில்லாஹி' என்று ஆரம்பிக்கும் வாசகத்தை நாம் வழக்கமாக எழுதும் விதத்தில் எண்ணிப் பார்த்தேன்: 35. பாதிச் செய்தி அங்கேயே முடிந்தது. மிச்சத்தில் யார், எங்கே, எப்போது நல்லடக்கம் என்று சொல்லி முடிக்க இரண்டு மூன்று செய்தியின் காசு போகும். அதனால்தான் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினார்கள். அந்தப் பழக்கம் வட்ஸ்அப் வந்த பிறகும் போகவில்லை.

இணையத்தில் இப்போது பரவலாக உள்ள யுடிஎஃப் 8 என்ற முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அரபுக்கு இரண்டு, தமிழுக்கும் சிங்களத்துக்கும் மூன்று. 1992 செப்டெம்பரில் கென் தொம்சன், ரொப் பைக் என்ற இருவர் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் மேசை விரிப்புக் கடதாசியில் வரைந்த முறை அது. நிலாவெளி பாமினியில் 8 பைட், இதில் 24. இன்றைய போன்களுக்கு அது ஒரு சுமையே இல்லை.

இலக்கங்களைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. நாம் எழுதும் 1, 2, 3 ஐ ஐரோப்பியர் அரபு எண் என்கிறார்கள். அரபிகளோ தாங்கள் எழுதுவதை இந்திய எண் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சரி. இந்தியாவின் கணக்கு முறையை விளக்கி 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் நூல் எழுதிய அல் குவாரிஸ்மியின் பெயர்தான் சிதைந்து இன்று 'அல்கோரிதம்' என்று ஆனது. தமிழுக்கும் ௧, ௨, ௩ என்று சொந்த இலக்கம் யுனிகோடில் 3047 இலிருந்து உண்டு. அதற்கு முந்திய 3046 ஆம் இடம் 2005 வரை காலியாக இருந்தது. தமிழ்ப் பூச்சியத்துக்குரிய இடம் அது. பழைய தமிழ் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறி இருந்ததால் பூச்சியம் இல்லாமலே கணக்கு ஓடியது. நெல்லும் நிலமும் அளந்த பின்னக் குறிகள் 2019 இல்தான் சேர்க்கப்பட்டன.

இனி அந்த சீடி எதற்குத் தேவைப்பட்டது என்பதைச் சொல்கிறேன்.

வெளியூரில் வாழும் ஒரு சகோதரி தன் வாப்பாவின் காணிப் பங்கு சம்பந்தமாக வந்திருந்தார். சுனாமியில் மௌத்தான வாப்பாவைப் பற்றிய ஆவணம் எதுவும் அவர் கையில் இல்லை. பட்டியலில் அந்தப் பெயர் இரண்டு தடவை இருந்தது. பெயரும் ஒன்று, தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்று, ஊரும் நிலாவெளி. யார் இவருடைய வாப்பா?

எழுத்து கைவிட்ட இடத்தில் இலக்கம் பேசியது. பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கம் சும்மா வரிசை எண்ணல்ல. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். அடுத்த மூன்று தொடர் இலக்கம், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். பெப்ரவரிக்கு எப்போதும், சாதாரண ஆண்டிலும்கூட, 29 நாள் என்றே கணக்கு. ஆகவே மார்ச் 1 என்றைக்கும் 61 ஆவது நாள்தான். இது தெரியாமல் எண்ணினால் ஒரு நாள் பிசகும். வாக்களிக்கத் தகுதி உள்ளவருக்குப் பின்னால் வீ, மற்றவருக்கு எக்ஸ். ஆண்டுக்கு இரண்டு இலக்கமே இருந்ததால் நூற்றாண்டு தெரியாது. 2000 க்குப் பின் பிறந்தவர்கள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்தபோது, 2016 ஜனவரியில் இருந்து பன்னிரண்டு இலக்கமாக்கினார்கள். பழைய இலக்கத்தைப் புதியதாக்க முன்னால் 19 போட்டு, தொடர் இலக்கத்துக்கு முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்து, ஆங்கில எழுத்தை நீக்கிவிடுவார்கள்.

பட்டியலில் ஒருவரின் இலக்கம் 47058 என்று ஆரம்பித்தது. மற்றவருடையது 52233. முதலாமவர் 1947 பெப்ரவரி 27 இல் பிறந்தவர். இரண்டாமவர் 1952 ஓகஸ்ட் 20. சகோதரியிடம் ஒன்றும் சொல்லாமல் கேட்டேன்: "வாப்பா எந்த மாதம் பிறந்தவர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "மூத்தம்மா சொல்லுவா, சுதந்திரம் கிடைக்க ஒரு வருசத்துக்கு முந்தி, மாசியில என்று." சுதந்திரம் 1948 பெப்ரவரி. அந்த வரியை அவருக்குக் காட்டினேன். மௌத்தான திகதிக்குப் பக்கத்தில் மையவாடியில் எந்த வரிசை என்றும் எழுதியிருந்தது. அவருக்கு அது அதுவரை தெரியாது.

அந்த வாரமே நாங்கள் பட்டியலை வரி வரியாகத் திருத்த உட்கார்ந்தோம். தம்பி அதை எக்செலில் போட்டார். உடனே இன்னொரு வில்லங்கம். 077 என்று ஆரம்பிக்கும் தொலைபேசி இலக்கங்களின் முன் பூச்சியம் காணாமல் போனது. பன்னிரண்டு இலக்க அட்டை எண்கள் சுருங்கி, நடுவில் ஒரு ஈ யும் சக அடையாளமுமாக நின்றன. எக்செல் அதை ஒரு தொகை என்று நினைத்துவிட்டது. தொகைக்கு முன்னால் பூச்சியத்துக்கு மதிப்பில்லை அல்லவா? அடையாள அட்டை இலக்கம் கூட்டிக் கழிக்கும் எண்ணல்ல, அது எழுத்து. நிரலை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். வங்கி அட்டை போல 16 இலக்கம் உள்ளவற்றில் இது இன்னும் ஆபத்து. எக்செல் 15 இலக்கம் வரைதான் காக்கும், கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கிவிடும், பிறகு திரும்பி வராது.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் நிர்வாகிகளுக்கு அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். பழைய கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்து, அதில் கை வைக்காதீர்கள். மாற்றியது பிழைத்தால் திரும்பப் போக அதுதான் இருக்கும். எழுத்துகளை மட்டும் வெட்டி ஒட்டாமல், எழுத்துரு மாறும் இடங்களைப் பார்த்துத் தமிழை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஃ, ஏ, ஓ, 'ெள' ஆகிய நான்கையும் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் 'வெள்ளிக்கிழமை' யின் ள வும் போய்விடும். நாங்கள் அப்படி ஒரு வெள்ளிக்கிழமையை 'வௌ்ளிக்கிழமை' ஆக்கிவிட்டுத்தான் படித்தோம். பெயர்களைத் திருத்தவே வேண்டாம். முஹம்மது என்று இருந்தால் முஹம்மது, முகமது என்று இருந்தால் முகமது. தேடலுக்காகப் பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டு மற்ற வடிவங்களை எழுதுங்கள். அப்புறம் ஒரு பிரதியை அச்சடித்து மழை படாத இடத்தில் வையுங்கள். எந்த எழுத்துருவும் இல்லாமல் கடதாசியை வாசிக்கலாம்.

எங்கள் பட்டியலில் இப்போது ஏழு வரிகள் மட்டும் மிச்சம். அவை நான் அடித்தவையல்ல. 2005 இல் கடைக்கு உதவிக்கு வந்த ஒருவர் பாமினி இல்லாத வேறோர் எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதன் பெயரும் கோப்பில் பதிவாகவில்லை. ஏழிலும் இலக்கங்கள் தெரிகின்றன. நான்கு ஆண்கள், மூன்று பெண்கள். ஒருவர் 1931 இல் பிறந்தவர், கடைசிப் பெண் 1984. ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரும் எட்டு எழுத்து ஒன்று இதிலும் இருக்கிறது. அது நிலாவெளி என்று வைத்துக்கொண்டு ஏழு எழுத்துகளைக் கண்டுபிடித்துவிட்டோம். மிச்சத்துக்கு, அந்த நாட்களில் மையவாடியில் நின்ற ஒரு காக்காவை நாளை மறுநாள் பார்க்கப் போகிறோம். அவருக்குக் கண் சரியில்லை. வரிசையைச் சொன்னால் ஆளைச் சொல்வேன் என்கிறார்.